ஊற்று உள்ளத்தில், வாய்க்கால் எங்கே?

நம் இல்லத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டுகளை ஒருநாள் எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். முன்பக்கங்கள் எல்லாம் ஆசிரியருக்காக எழுதப்பட்டவை. கடைசிப் பக்கம் மட்டும் பிள்ளை தனக்கென்று வைத்துக்கொண்டது. அங்கே ஒரு பூங்கொடி இருக்கும். நான்கு வரிக் கவிதை இருக்கும். வளைத்தும் நீட்டியும் பத்து விதமாய் எழுதிப் பார்த்த தன் பெயர் இருக்கும். பெற்றோரில் சிலர் அதைக் கண்டு, "படிக்கிற நேரத்தில் இது என்ன வேலை?" என்று கடிந்துகொள்கின்றனர். வேறு சிலரோ, விருந்தினர் முன்னிலையில் அதை விரித்துக் காட்டி, பிள்ளை கூசிப்போகும் அளவுக்குப் புகழ்கின்றனர். இவ்விரண்டில் எது நடந்தாலும், சில மாதங்களில் அந்தக் கடைசிப் பக்கம் வெறுமையாகிவிடுகிறது.

மத்ரஸாவில் பாடம் சொல்லும் எனக்கு இத்தகைய பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பு நிறைய உண்டு. வளர்ந்த பின்னும் அவர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்விகள் இரண்டு. "எனக்குள் ஏதோ ஒன்று துடிக்கிறது. ஆனால், உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. உந்துதலை எங்கே தேடுவது?" என்பது முதலாவது. "கவிதையா, கதையா, ஓவியமா, அரபு எழுத்தணியா? எதில் இறங்கினால் நான் தேறுவேன்?" என்பது இரண்டாவது. முதற்கேள்வி ஊற்றைப் பற்றியது; இரண்டாவது, அந்த நீர் ஓடவேண்டிய வாய்க்காலைப் பற்றியது. ஊற்று இருந்தும் வாய்க்கால் அமையாமற் போனால் நீர் நின்ற இடத்திலேயே தேங்கிப் பாசி படிந்துவிடும். எத்தனையோ நல்ல உள்ளங்கள் அவ்வாறு தேங்கிப் போயிருக்கின்றன. ஆகவே இவ்விரு கேள்விகளையும் இங்கே சற்று விரிவாக எண்ணிப் பார்ப்போம்.

உந்துதல் எங்கிருந்து வருகிறது?

கலைஞனுக்கு உந்துதல் என்பது நள்ளிரவில் மின்னல்போல் வந்து இறங்குவது என்று பலரும் நம்புகின்றனர். அந்த மின்னலுக்காகக் காத்திருந்தே ஆண்டுகளைக் கழிப்பவர்களும் உண்டு. நம் இலக்கிய வரலாறு காட்டும் பாடம் வேறு.

உமறுப் புலவரை எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழாம் நூற்றாண்டில் எட்டயபுரத்தில் வாழ்ந்த அப்பெருமகனார், கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். தமிழ் அவருக்குக் கைவந்த செல்வம். ஆனால், அண்ணல் நபியவர்களின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாட வேண்டும் என்ற வேண்டுகோள் வள்ளல் சீதக்காதியிடமிருந்து வந்தது. அரபு மூலங்களின் செய்திகளை அறிஞர்களிடம் கேட்டறிய வேண்டியிருந்தது. வள்ளலின் மறைவுக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார். இவ்வாறு பிறர் வேண்டுகோளும், அறிஞர் துணையும், இடைவிடா உழைப்பும் சேர்ந்தே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களாகச் சீறாப்புராணம் உருவாயிற்று. உந்துதல் வரட்டும் என்று அவர் காத்திருந்தால் அந்நூல் நமக்குக் கிடைத்திருக்குமா?

அந்நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. அரபு நாட்டைப் பாடும்போதும் உமறு, தமிழ்க் காப்பிய மரபுப்படி மழையையும் ஆற்றையும் வயலையும் பாடுகிறார். பாலை நிலத்தில் இத்தனை வளமா என்று வினவுவோர் உண்டு. நான் அதை வேறு விதமாகக் காண்கிறேன். தென்பாண்டிச் சீமைப் புலவனின் கண் எதைக் கண்டு மகிழ்ந்ததோ, அதையே அவன் தன் அன்புக்குரிய மண்ணுக்கும் காணிக்கையாக்கினான். தொலைவில் உள்ளதைப் பாடுவதற்கும் அருகில் உள்ளதைப் பார்த்திருக்க வேண்டும்.

நம் காலத்துச் சான்று தோப்பில் முஹம்மது மீரான் அவர்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டினத்தில் 1944ஆம் ஆண்டு பிறந்தவர். 2019ஆம் ஆண்டு மறைந்தவர். வாழ்வின் பெரும்பகுதி மிளகாய் வற்றல் வணிகம் செய்தவர். எழுதுவதற்கென்று அவர் வெளியூர் தேடிச் செல்லவில்லை. தம் கடற்கரைச் சிற்றூரின் தெருக்களையும், அங்கே செல்வர் செலுத்திய ஆதிக்கத்தையும், எளியவர் பட்ட துயரையும், வீட்டுப் பெண்கள் பேசிய பேச்சையும் நினைவிலிருந்து எடுத்து எழுதினார். அவ்வாறு பிறந்ததே 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'. பின்னர் 'சாய்வு நாற்காலி' நாவலுக்காக 1997ஆம் ஆண்டு சாகித்ய அகாதமி விருது அவரைத் தேடி வந்தது.

ஆகவே, உந்துதலைத் தேடுவோருக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் தெருவைப் பாருங்கள். பெத்தும்மா சொல்லும் பழைய கதையை, அவர்கள் சொல்லும் அதே சொற்களில் எழுதி வையுங்கள். பள்ளிவாசல் தூணில் உள்ள பூவேலையைத் தொட்டுப் பாருங்கள். மீன் வாங்கும் இடத்தில் நடக்கும் பேரத்தைக் கேளுங்கள். பார்த்ததை அன்றே குறித்து வையுங்கள். பத்து நாள் குறிப்பு எழுதியவனுக்குப் பதினோராவது நாள் எழுத ஏதேனும் கிடைக்காமல் இருப்பது அரிது.

மொழியும் ஒரு கருவியே

இனி வாய்க்காலுக்கு வருவோம். கருவி என்றவுடன் தூரிகை, எழுதுகோல், தறி என்றே நாம் எண்ணுகிறோம். மொழியும் கருவிதான், மொழிக்குள் இருக்கும் வடிவங்களும் கருவிகளே.

தேங்காய்ப்பட்டினம் முன்பு திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்த ஊர். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956ஆம் ஆண்டில்தான். எனவே மீரான் அவர்கள் பள்ளியில் பயின்றது மலையாளம். படித்த மொழியில் எழுதுவதே எளிது என்று எவரும் சொல்லியிருப்பர். அவர் தேர்ந்துகொண்டதோ தமிழ். அதிலும், தம் ஊர் மக்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் பேசிய, மலையாளமும் அரபும் விரவிய தமிழ். அந்தப் பேச்சை நூல்நடைக்கு மாற்றியிருந்தால் பிழையற்ற நாவல்கள் கிடைத்திருக்கலாம். அந்த ஊர் கிடைத்திருக்காது.

கவிக்கோ அப்துல் ரகுமான் அவர்களிடம் மற்றொரு வகைத் தேர்வைக் காண்கிறோம். மதுரையில் 1937ஆம் ஆண்டு பிறந்து, வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் நெடுங்காலம் தமிழ் கற்பித்த அவர், மரபுக் கவிதையில் தேர்ந்தவர், புதுக்கவிதைக்கு வந்தார். ஜப்பானிய ஹைக்கூவையும், அரபு, பாரசீகம், உருது வழிவந்த கஜலையும் தமிழில் முயன்று பார்த்தார். திரைப்படப் பாடல் எழுதினால் பெயரும் பொருளும் குவியும் என்று பலர் அழைத்தபோது அவ்வழி செல்ல அவர் இசையவில்லை. எதில் எழுதுவது என்பதோடு, எதில் எழுதாமல் இருப்பது என்பதையும் அவர் தெளிவாகத் தீர்மானித்திருந்தார். 'ஆலாபனை' என்னும் அவரது தொகுப்பு 1999ஆம் ஆண்டு சாகித்ய அகாதமி விருது பெற்றது.

வாயிற்காவலரின் மகன்

"முதலில் ஒன்றைத் தொடங்கிவிட்டேன், இப்போது மனம் வேறொன்றை நாடுகிறது. இதுவரை உழைத்தது வீண்தானா?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் பக்தாதின் இப்னுல் பவ்வாபை அறிந்துகொள்ள வேண்டும்.

'பவ்வாப்' என்றால் வாயிற்காவலர். அவருடைய மகன் என்பதே இப்பெரும் கலைஞரின் பெயராக நிலைத்துவிட்டது. அவர் தொடக்கத்தில் வீடுகளுக்கு வண்ணம் தீட்டி அழகுசெய்யும் தொழில் செய்தார். அதிலிருந்து நூல்களுக்குப் பொன்னும் வண்ணமும் இட்டு அணி செய்யும் பணிக்கு வந்தார். அதன்பின் எழுத்தணிக்கலையில் நிலைத்தார். அவர் தம் கைப்பட எழுதிய திருக்குர்ஆன் படி ஒன்று, அயர்லாந்தின் டப்ளின் நகரில் உள்ள செஸ்டர் பீட்டி நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அது ஹிஜ்ரி 391இல், அதாவது கி.பி. 1000ஐ ஒட்டி எழுதப்பட்டது. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அந்த எழுத்தின் ஒழுங்கு கண்ணைக் கவர்கிறது. சுவரில் பழகிய கைதான் ஏட்டுக்கு வந்தது. ஏட்டின் ஓரத்தில் பழகிய கண்தான் எழுத்தின் நடுவுக்கு வந்தது. முன்னர் செய்த உழைப்பில் எதுவும் வீணாகிவிடவில்லை.

அவருக்கு முன்னோடி இப்னு முக்லா. அப்பாசியக் கலீபாக்களிடம் மூன்று முறை அமைச்சராக இருந்தவர். 940ஆம் ஆண்டு மறைந்தவர். நாணற்குச்சி எழுதுகோலைத் தாளில் ஒருமுறை அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியையே அவர் அளவுகோலாக்கினார். 'அலிஃப்' இத்தனை புள்ளி உயரம், அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தில் மற்ற எழுத்துகளின் வளைவு என்று விதி வகுத்தார். அழகு என்பது மனம் போன போக்கு என்று எண்ணுவோருக்கு இது வியப்பாக இருக்கும். அரசியல் சூழ்ச்சியால் வலக்கை வெட்டப்பட்ட பின்னரும், முன்கையில் எழுதுகோலைக் கட்டிக்கொண்டு அவர் எழுதினார் என்று வரலாற்றாசிரியர் கூறுவர்.

இக்கலையை உஸ்மானியத் துருக்கியில் கற்பித்த முறையும் எண்ணத்தக்கது. "இறைவா, எளிதாக்குவாயாக, கடினமாக்காதிருப்பாயாக" என்ற பொருளுடைய வேண்டுதலை எழுதுவதே மாணவனின் முதற்பாடம். பிறகு தனி எழுத்துகள்; பின் இரண்டிரண்டாகச் சேர்ந்தவை. ஆசான் திருத்தியதை மறுபடி மறுபடி எழுத வேண்டும். தாளின் வெண்மையே தெரியாதபடி ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிப் பழகுவர். ஆண்டுக்கணக்கில் பயின்று 'இஜாஸா' என்னும் ஒப்புதல் பெற்ற பின்னரே, தான் எழுதியதன் கீழ் தன் பெயரை எழுத மாணவனுக்கு உரிமை உண்டு. முதல் வாரத்திலேயே பெயரும் புகழும் நாடும் நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒருவன் சிரிப்பான், ஒருவன் அமைதியாகத் தாளை எடுப்பான். தாளை எடுத்தவனை விட்டுவிடாதீர்கள்.

கையில் உள்ளதே கருவி

"வண்ணம் வாங்க வசதியில்லை, கற்றுத் தர ஆளில்லை, வீட்டில் இடமில்லை" என்று தயங்குவோரும் உண்டு. இத்தயக்கத்தில் உண்மை இருக்கிறது. ஆனால், கலை பலமுறை குறையிலிருந்தே தன் வடிவத்தைப் பெற்றிருக்கிறது. உருவம் வரைவதில் மார்க்க அறிஞர் பலர் விதித்த வரம்பைப் பேணிய கலைஞர்கள், தம் ஆற்றலைக் கொடியிலும் கோணத்திலும் எழுத்திலும் செலுத்தினர். கிரானடாவின் அல்ஹம்ரா மாளிகைச் சுவர்களைக் கண்டவர், அந்த வரம்பால் கலை வறண்டுவிட்டது என்று சொல்லமாட்டார்.

அவ்வளவு தொலைவுகூடச் செல்ல வேண்டாம். திருநெல்வேலிச் சீமையின் பத்தமடைக்கு வாருங்கள். அங்கே முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாய் நெய்து வருகின்றன. நெய்பவர்களுள் பெண்களே மிகுதி. கருவி என்ன? ஆற்றங்கரையிலும் நீர்நிலையோரத்திலும் விளையும் கோரைப்புல். அதை வெட்டி, காய வைத்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயம் தோய்த்து, பருத்தி அல்லது பட்டு நூற்பாவில் கோத்து நெய்கின்றனர். உயர்ந்த வகைப் பாய் துணியைப்போல் மடியும். மணப்பாயில் மணமக்களின் பெயர்களையும் இழைத்துத் தருகின்றனர். பிரித்தானிய அரசி இரண்டாம் எலிசபெத்தின் 1953ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவுக்குப் பரிசாகச் சென்றதும் பத்தமடைப் பாய்தான்.

அந்தப் பெண்மணிகளிடம் "உங்களுக்கு உந்துதல் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால் அவர்கள் நகைக்கக்கூடும். ஊறவைத்த கோரை காத்திருக்கிறது, உட்கார்ந்தாக வேண்டும். உட்கார்ந்த பின் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று கை தானே தேடும். ஒரு கலையின் முழு இலக்கணமும் அதில் அடங்கிவிடுகிறது. ஆயின், அந்த உழைப்புக்கு ஏற்ற கூலி கிடைப்பதில்லை என்பதையும், இளைய தலைமுறை வேறு வேலை நாடிச் செல்கிறது என்பதையும் நாம் மறைக்கலாகாது. அடுத்த நிக்காஹ்வுக்குப் பாய் வாங்கும்போது நெகிழிப் பாயை எடுக்குமுன் இதைச் சற்று நினையுங்கள்.

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்களையும் நம் சகோதரிகள் அறிந்திருக்க வேண்டும். பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரையே பயின்றவர். முஸ்லிம் பெண்கள் பெயர் அச்சில் வருவதே அரிதாயிருந்த 1938ஆம் ஆண்டில் 'காதலா? கடமையா?' என்னும் நாவலை வெளியிட்டார். அவருக்குக் கிடைத்த கருவி தாளும் எழுதுகோலும் மட்டுமே. அவற்றுக்கு வீட்டைவிட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை, பெரும்பொருள் வேண்டியதில்லை. தம் நிலைமைக்குள் கையெட்டும் கருவியைப் பற்றிக்கொண்டார். நாம் இன்று அவரைப் பேசுகிறோம்.

காலம் கடந்துவிட்டதா?

நாற்பதைக் கடந்தவர்கள் இக்கட்டுரையைப் படித்து, "இதெல்லாம் பிள்ளைகளுக்கு" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். துருக்கியின் மாபெரும் கட்டடக் கலைஞர் சினான், இளமையில் தச்சு வேலை பழகி, படையில் சேர்ந்து பாலமும் பாதையும் அமைத்தவர். படையெடுப்பு ஒன்றின்போது 1538ஆம் ஆண்டு புரூத் ஆற்றின்மீது பதின்மூன்று நாளில் பாலம் கட்டி முடித்தார். தலைமைக் கட்டடக் கலைஞராக அவர் பொறுப்பேற்றபோது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. இஸ்தான்புல்லின் ஷஹ்ஸாதா பள்ளிவாசலைத் தம் மாணவப் பருவப் பணி என்றும், சுலைமானியாப் பள்ளிவாசலைத் தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் பணி என்றும், எதிர்னேயின் சலீமியாப் பள்ளிவாசலை ஆசானின் பணி என்றும் அவர் வகைப்படுத்தியதாகக் கூறுவர். சலீமியா எழுந்தபோது அவர் எண்பதைக் கடந்தவர். படைக்குப் பாலம் கட்டிய அனுபவம் பள்ளிவாசலின் குவிமாடத்தைத் தாங்கிற்று.

தேர்வது எப்படி?

இத்தனை பெரியோரின் வாழ்விலிருந்து நமக்கு என்ன கிடைக்கிறது? தெரிவு செய்யத் தடுமாறும் ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்ள நான்கு கேள்விகளை இங்கே வைக்கிறேன்.

முதலாவது, உங்கள் உள்ளம் எதன் வழியே அசைகிறது? ஒரே திருமண வீட்டுக்குச் சென்று திரும்பிய மூவரில் ஒருவருக்குப் பந்தலின் நிறங்கள் நினைவிருக்கும். ஒருவருக்குப் பேச்சு நினைவிருக்கும். ஒருவருக்குப் பாடிய பைத்தின் ஓசை நினைவிருக்கும். நினைவில் தானே தங்குவது எதுவோ, அதுவே உங்கள் புலன். முதலாமவர் வண்ணத்தையும், இரண்டாமவர் கதையையும், மூன்றாமவர் பாட்டையும் முயன்று பார்க்கலாம்.

இரண்டாவது, எந்த வேலையின் சலிப்பை உங்களால் பொறுத்துக்கொள்ள முடிகிறது? எல்லாக் கலையிலும் சலிப்பு உண்டு. ஒரே எழுத்தை நூறு முறை எழுதுவதும், ஒரே பத்தியை ஐந்து முறை அடித்துத் திருத்துவதும், கோரையை இழை இழையாகக் கிழிப்பதும் சலிப்புதான். முடிந்த படைப்பின் அழகை யாரும் விரும்புவர். அதன் சலிப்பையும் சேர்த்து விரும்ப முடிந்தால் அக்கலை உங்களுடையது.

மூன்றாவது, உங்கள் வாழ்க்கை எதற்கு இடம் தருகிறது? குழந்தை உறங்கும் அரைமணி நேரமே ஓய்வுள்ள தாய்க்குச் சிறுகவிதையோ, எடுத்து வைக்க எளிதான பூத்தையலோ பொருந்தும். பெரிய ஓவியத்தை விரித்து வைத்துவிட்டு நடுவில் எழுந்து ஓடும் துன்பம் அவருக்கு வேண்டாம். நேரத்தின் அளவறிந்து வடிவத்தைத் தேர்வது இழுக்காகாது.

நான்காவது, கற்றுத்தரக் கூடியவர் அருகில் யார்? அரபு எழுத்தைத் திருத்தமாக எழுதும் ஓர் உஸ்தாத், தறியில் அமர்ந்த ஒரு மூதாட்டி, யாப்பறிந்த ஒரு தமிழாசிரியர் உங்கள் ஊரிலேயே இருக்கக்கூடும். இன்று கைப்பேசித் திரையில் உலகின் எல்லா ஆசான்களும் தோன்றுகின்றனர், நல்லதே. எனினும், பிடித்த எழுதுகோலின் சாய்வைத் தொட்டுத் திருப்பிவிட ஒரு கை வேண்டும்.

இந்நான்குக்கும் விடை கண்ட பின் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு அதை மாற்றாதீர்கள். நாளும் ஒரே நேரத்தில், குறைந்தது அரைமணி நேரம் அமருங்கள். செய்ததைத் தேதியிட்டு ஓர் உறையில் இட்டு வையுங்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மட்டும் எடுத்துப் பாருங்கள். நாள்தோறும் பார்த்தால் வளர்ச்சி தெரியாது, மனம் தளரும். ஓராண்டு முடிவில் மனம் இன்னும் வேறொன்றை நாடினால், இப்னுல் பவ்வாபைப்போல் கற்றதைச் சுமந்துகொண்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல்

"கலை சோறு போடுமா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பலருக்கும் அது சோறு போடுவதில்லை என்பதே உண்மை. மீரான் அவர்கள் வணிகராக இருந்துகொண்டே எழுதினார். கவிக்கோ பேராசிரியராக இருந்துகொண்டே பாடினார். தொழில் ஒரு கையிலும் கலை மறு கையிலுமாக வாழ முடியும் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். "இதை விட்டுவிட்டுப் படி" என்று சொல்லாமல், "படித்து முடித்துவிட்டு இதைச் செய், எனக்கும் காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். முதல் சொல்லைக் கேட்ட பிள்ளை உங்களுக்குத் தெரியாமல் செய்யும், அல்லது செய்வதையே மறந்துவிடும். இரண்டாவதைக் கேட்ட பிள்ளை இரவில் நோட்டோடு உங்கள் அருகில் வந்து அமரும்.

அவ்வாறு வந்து அமரும்போது மிகையாகப் புகழவும் வேண்டாம்; குறை கூறவும் வேண்டாம். "இந்தக் கொடியை எதைப் பார்த்து வரைந்தாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கும்போதே பிள்ளை, தன் ஊற்று எங்கே இருக்கிறது என்பதைத் தானே கண்டுகொள்ளும். வாய்க்காலை வெட்ட நீங்களும் உடன் நில்லுங்கள்.